பச்சைத் தோட்டமும் பக்கத்து வீட்டுச் சந்தேகமும்

கோடைத் தண்ணீர்க் கட்டுப்பாடு பற்றி இம்முறை இரண்டு கடிதங்கள் வந்துள்ளன. இரண்டும் ஒரே சங்கடத்தின் இரண்டு பக்கங்கள் என்பதால் சேர்த்தே பதில் தரப்படுகிறது. இருவருமே பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள்.

முதல் கடிதம் திண்டுக்கல் மாவட்டத்து வாசகி ஒருவருடையது. மழை வரும்வரை குடிநீர்க் குழாய்த் தண்ணீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சக் கூடாது, வண்டி கழுவக் கூடாது, வாசலுக்குக் குழாய் பிடித்து அடிக்கக் கூடாது என்று அவருடைய ஊராட்சி தண்டோரா போட்டிருக்கிறது. அவர் வீட்டில் சொந்தமாக ஆழ்துளைக் கிணறு உண்டு. இரண்டு சென்ட் காய்கறித் தோட்டமும் நான்கு தென்னையும் அதில்தான் பிழைக்கின்றன. ஆனால் ஊரே காய்ந்து கிடக்கும்போது அவர் தோட்டம் மட்டும் பச்சையாக இருக்கிறது. ராத்திரியில் ஊர்த் தண்ணீரைத் திருடுகிறார் என்று தெருவில் பேச்சு. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் பாய்ச்சும் ஹோஸ் குழாய் மூன்று துண்டாகக் கிடந்ததாம். தோட்டத்தைக் காயவிட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

இரண்டாவது கடிதம் திருப்பூர் மாவட்டத்திலிருந்து. எதிர்வீட்டுக்காரர் குடிநீர்க் குழாயில் அரை ஹெச்.பி. மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்; மேட்டில் இருக்கும் தங்கள் தெருவுக்குச் சொட்டுத் தண்ணீர் ஏறுவதில்லை. அவர் பங்காளி முறை என்பதால் புகார் கொடுத்தால் நாளை கல்யாணம் காட்சியில் முகம் பார்க்க முடியாது. ஆகவே தாமும் ஒரு மோட்டார் வாங்கி மாட்டிவிட்டால் என்ன என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் எளிது, மாட்டக் கூடாது. உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. மேட்டுத் தெருவுக்கும் கடைசி வீட்டுக்கும் தண்ணீர் எட்டாது என்பது பாதிக் கதைதான். பூமிக்கடியில் போகும் குழாயில் இணைப்பு எங்கேனும் விட்டிருந்தால், அந்த வழியாகப் பக்கத்துச் சாக்கடை நீரையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். கோடையில் திடீரென ஒரு தெருவில் மட்டும் வயிற்றுப்போக்கோ மஞ்சள் காமாலையோ வந்தால் இதையும் ஒரு காரணமாகப் பார்க்க வேண்டும். இரண்டு மோட்டார் ஓடினால் கேடு இரண்டு மடங்கு. அந்தக் கேடு மோட்டார் மாட்டியவர் வீட்டுச் சொம்புக்கும் வரும்.

ஆனால் "அவர் மாட்டியிருக்கிறாரே, நான் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும்" என்ற நினைப்பு இருக்கிறதே, அதுதான் எந்தக் கட்டுப்பாட்டையும் ஒரே வாரத்தில் சாய்ப்பது. தண்ணீர் குறைந்தால் மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால் ஒருவரும் பொறுக்க மாட்டார்கள். இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் 2018-ல் பட்ட பாட்டை இங்கே சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மழை பொய்த்து, நகரின் பெரிய அணையான தீவாட்டர்ஸ்க்லூஃப் அடிமண் தெரியும் அளவுக்கு வற்றியது. குழாய்களை மொத்தமாக மூடிவிட்டு வரிசையில் நிற்க வைத்துத் தண்ணீர் அளந்து கொடுக்கும் நாளுக்கு 'பூஜ்ஜிய நாள்' என்று பெயரும் வைத்து, தேதியும் குறித்துவிட்டார்கள். 2018 பிப்ரவரி 1 முதல் ஆளுக்கு நாளுக்கு 50 லிட்டர்தான். மாநகராட்சித் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடுவதும், கார் கழுவுவதும், நீச்சல் குளம் நிரப்புவதும் முழுத் தடை.

அங்கேயும் இந்த வாசகிக்கு வந்த பிரச்சினைதான் வந்தது. வசதியுள்ளவர்கள் ஆழ்துளைக் கிணறு போட்டிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் புல் பச்சையாக இருந்தால், அது எந்தத் தண்ணீர் என்று தெருவில் போகிறவருக்கு எப்படித் தெரியும்? அதற்கு நகர நிர்வாகம் ஒரு வழி வைத்திருந்தது. சொந்தக் கிணறு வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்து, தெருவிலிருந்து கண்ணில் படும்படி ஒரு பலகை மாட்ட வேண்டும். அதோடு, கிணற்றுத் தண்ணீரையும் தோட்டத்துக்கு இஷ்டம்போல் விட வேண்டாம். செவ்வாய், சனி இரண்டு நாள், காலை ஒன்பதுக்கு முன்போ மாலை நான்குக்குப் பின்போ, ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்றது. சொந்தக் கிணற்றுக்கே இந்த அளவு.

அந்த ஆண்டு ஜனவரியில் இன்னொன்றும் செய்தார்கள். குறைவாகத் தண்ணீர் செலவழிக்கும் வீடுகளுக்குப் பச்சைப் புள்ளி வைத்து ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். வீட்டுக் கணக்கைத் தெருவில் வைக்கலாமா என்று எதிர்ப்பு எழுந்தது; அதில் நியாயமும் உண்டு. ஆனால் அதிகம் செலவழித்தவரை அந்த வரைபடம் சுட்டிக் காட்டவில்லை, சிக்கனமாக இருந்தவரைத்தான் காட்டியது என்பதைக் கவனிக்க வேண்டும். பக்கத்து வீட்டில் நாலு பேர் ஒழுங்காக இருக்கிறார்கள் என்று தெரிந்தால் ஐந்தாமவருக்கும் மனம் வருகிறது. 2015 தொடக்கத்தில் நாளுக்குச் சுமார் 120 கோடி லிட்டர் செலவழித்த நகரம், 2018-ல் சுமார் 50 கோடி லிட்டருக்கு இறங்கியது. அபராதமும் கட்டண உயர்வும் அதற்கு உதவின. அவற்றால் மட்டுமே அது நடந்ததாகச் சொல்ல முடியாது.

நம் வாசகர்களுக்குப் பிடிக்கக்கூடிய சேதி ஒன்று: அதே பிப்ரவரியில் எல்கின், கிராபாவ் பகுதியின் ஆப்பிள், பேரி விவசாயிகள் தங்கள் சங்க அணைகளிலிருந்து சுமார் 1,000 கோடி லிட்டரை நகரத்துக்குத் திறந்துவிட்டார்கள். அந்தப் பருவத்தில் அந்த வட்டார அணைகளை நம்பிய விவசாயத்துக்கான ஒதுக்கீடு ஏற்கெனவே 60 சதவீதம் வெட்டப்பட்டிருந்தது. குறித்த நாள் தள்ளிப் போய்க்கொண்டே இருந்து, ஜூன் மழையில் அந்தப் பேச்சே அடங்கியது.

இனி திண்டுக்கல் வாசகிக்கு. அவர் திருடவில்லை, அது தெருவுக்குத் தெரிய வேண்டும். வேலியோரம் ஓர் அட்டையில் 'சொந்தக் கிணற்று நீர், பாய்ச்சும் நேரம் இன்ன கிழமை, இன்ன மணி' என்று எழுதி மாட்டுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ராத்திரியில் பாய்ச்சுவதை நிறுத்தி, நாலு பேர் நடமாடும் மாலை ஐந்து மணிக்குப் பாய்ச்சலாம். இருட்டில் ஓடும் மோட்டார் சத்தம்தான் பாதிச் சந்தேகத்தை விதைக்கிறது.

ஆனால் இத்தோடு விஷயம் முடியவில்லை. தெருக்காரர்களின் கோபத்தில் ஒரு பங்கு நியாயம் இருக்கக்கூடும் என்பதையும் அவர் யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கடும்பாறைப் பகுதி. திண்டுக்கல் மாவட்டத்தின் பெரும்பகுதியும் அப்படித்தான். இங்கே நிலத்தடி நீர் பாறையின் வெடிப்புகளில்தான் நிற்கிறது. வாசகியின் ஆழ்துளைக் கிணறும் ஊராட்சியின் கிணறும் ஒரே வெடிப்பில் நின்றால், சொந்தக் கிணறு என்பது பெயரளவுக்குத்தான். ஒரே பானையில் இரண்டு அகப்பை.

இதைச் செலவில்லாமல் சோதிக்கலாம். டேங்க் ஆபரேட்டரிடம் சொல்லி, மேல்நிலைத் தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று மூன்று நாள் குறிக்கச் சொல்ல வேண்டும். பிறகு மூன்று நாள் வீட்டு மோட்டாரை நிறுத்திவிட்டு மறுபடி குறிக்க வேண்டும். நேரம் நன்றாகக் குறைந்தால் இரண்டும் ஒரே ஊற்று என்று கொள்ளலாம். அப்போது கட்டுப்பாடு அவருக்கும் சேர்த்துத்தான். மாறவில்லை என்றால் அந்தக் குறிப்பே தெருவுக்குக் காட்டக் கையில் இருக்கும் சாட்சி. ஊராட்சித் தலைவரையும் தெருவில் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு செய்தால் பின்னால் பேச்சு வராது.

எப்படியானாலும் தண்ணீரைக் குறைக்கத்தான் வேண்டும். கணக்கைப் பார்க்கலாம். ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டர். கோடையில் செடி மூடிய நிலத்திலிருந்து நாளுக்கு 5 முதல் 6 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிப் போகிறது. அதாவது சென்ட்டுக்கு 200 முதல் 240 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆள் ஒருவருக்கு நாளுக்கு வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். நான்கு பேருக்கு 220. ஒரு சென்ட் கத்தரிக்குக் குறைவில்லாமல் பாய்ச்சுவதும் ஒரு குடும்பத்துக்குக் குடிநீர் கொடுப்பதும் ஒரே அளவு. இந்தக் கணக்கை ஊராட்சிக் கூட்டத்தில் ஒருமுறை சொன்னாலே, தோட்டத்துக்கு எதற்குத் தடை என்று கேட்பவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

இரண்டு சென்ட்டில் அரை சென்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை ஆடி வரை ஓய்வுக்கு விடலாம். கீரைக்கும் கொடிகளுக்கும் கொடுப்பதைவிட, மிளகாய், கத்தரிபோல் ஏற்கெனவே காய்க்கும் செடிகளைக் காப்பாற்றுவது மேல். தண்டைச் சுற்றி நான்கு விரல் கனத்துக்குச் சருகோ கரும்புச் சோகையோ மூடாக்குப் போட வேண்டும். மூடாக்கு அடித்தண்டைத் தொடக் கூடாது. சுடுமண் பானையின் அடியில் சிறு துளையிட்டு, துணித் திரி செருகி, கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடி வைத்தால் சுற்றியுள்ள மூன்று நான்கு செடிகளுக்கு ஈரம் மெல்ல இறங்கும். தென்னைக்கு வட்டப் பாத்தியில் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண் மூடினால் ஈரம் தங்கும்.

குளித்த தண்ணீர் இருக்கிறது. நான்கு பேர் ஆளுக்கு ஒன்றரை வாளி குளித்தால் நூறு லிட்டருக்குக் குறையாது. அதை வாழைக்கும் தென்னைக்கும் மாற்றி மாற்றி விடலாம். துணி துவைத்த முதல் தண்ணீரில் சோடா உப்பு அதிகம். ஒரே இடத்தில் தொடர்ந்து விட்டால் மண் இறுகிவிடும். அலசிய தண்ணீர் பரவாயில்லை. கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் இரண்டுமே வேண்டாம்.

வாசலுக்கு வெளியே ஒரு குழாய் போட்டு, மாலையில் அரை மணி நேரம் தெருக்காரர்களுக்கு மாட்டுத் தண்ணீர் பிடித்துக்கொள்ள விடலாமா என்றும் அவர் கடித ஓரத்தில் எழுதியிருக்கிறார். ஊற்று தாங்கினால் செய்யலாம். அறுந்த ஹோஸ் குழாய்க்குப் புகார் எழுதுவதைவிட இது வேலை செய்யும். ஆனால் வீட்டுக்கு எத்தனை குடம் என்று முதல் நாளே பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் குழாயடியிலேயே அடுத்த சண்டை தொடங்கும்.

திருப்பூர் வாசகருக்குத் திரும்புவோம். பங்காளி மேல் தனி ஆளாகப் புகார் கொடுக்கத் தயங்குவது புரிகிறது. ஏரிப் பாசனத்தில் நம் முன்னோர் இதை உணர்ந்துதான் நீர்க்கட்டி என்று ஒருவரை வைத்தார்கள். மடை திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. பல ஊர்களில் அந்த ஆயக்கட்டில் நிலமே இல்லாதவரைத்தான் அதற்கு வைத்தார்கள். பக்கத்து வயல்காரர் பக்கத்து வயல்காரரைக் கேட்க வேண்டியதில்லை. குடிநீருக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும். தண்ணீர் விடும் நேரத்தில் டேங்க் ஆபரேட்டரும் மகளிர் குழுவிலிருந்து இருவரும் எல்லாத் தெருவும் சுற்றி வரட்டும். ஒரு வீட்டை மட்டும் குறி வைத்துப் போகக் கூடாது. முதல் தடவை வாய்ச்சொல், இரண்டாம் தடவை சிறு அபராதம், அதற்கும் மேல் போனால் இணைப்பைத் துண்டித்தல் என்று படிப்படியாக வைக்க வேண்டும். பொதுச் சொத்தை ஊரார் எப்படிக் காக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009-ல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரமும், நீண்ட காலம் நின்ற பாசன அமைப்புகளில் தண்டனை சிறிதாகவே தொடங்குவதைக் கண்டார். எடுத்த எடுப்பில் இணைப்பை வெட்டினால் ஊர் இரண்டாகிவிடும். பிறகு யார் தப்பு செய்தாலும் அவரவர் கட்சிக்காரர் மூடி மறைப்பார்கள்.

இதைத் தீர்மானமாக்க மே 1 கிராம சபை தோதான இடம். தீர்மானத்தில் இரண்டு விஷயம் விடுபடக் கூடாது. ஒன்று, கால்நடை. கறவையில் இருக்கும் கலப்பின மாடு கோடையில் நாளுக்கு 60 லிட்டருக்கு மேல் குடிக்கும். அதைத் தோட்டத்தோடு சேர்த்துத் தடை செய்தால் முதல் நாளே மீறல் தொடங்கும். மற்றொன்று, தடை எப்போது நீங்கும் என்பது. 'மழை வரும்வரை' என்பது போதாது. ஒரு தூறல் விழுந்ததும் பாதிப் பேர் ஹோஸ் குழாயை எடுப்பார்கள். கேப் டவுனிலும் அணை நிறைய நிறையத்தான் தடையைப் படிப்படியாகத் தளர்த்தினார்கள். ஊராட்சிக் கிணற்றில் காலையில் மோட்டார் போடுவதற்கு முன் கல் கட்டிய கயிற்றை விட்டு, நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று வாரம் ஒருமுறை அளந்து டேங்க் அடியில் உள்ள பலகையில் சுண்ணாம்பால் எழுத வேண்டும். இத்தனை அடிக்கு ஏறினால் தோட்டத்துக்கு வாரம் ஒரு நாள், அதற்கும் மேல் ஏறினால் இரண்டு நாள் என்று அதே பலகையில் கீழே எழுதி வைக்கலாம்.