பழைய தகரத்துக்குப் 'பாரம்பரியம்' என்று பெயர்

கட்டைபறிச்சானில் இருந்து என் மருமகன் சென்ற மாதம் தொலைபேசி எடுத்திருந்தான். வயது இருபத்தாறு. மூதூரில் ஒரு சிறு உத்தியோகம். இரண்டு வருடமாகச் சீட்டுக் கட்டிக் கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறான்.

"மாமா, கார் ஒண்டு வாங்கப் போறன்."

"நல்லது தம்பி. என்ன கார்?"

"மொறிஸ் மைனர். அம்பத்தெட்டாம் ஆண்டு. விலையும் தோதாக் கிடக்கு. நல்ல ஸ்ரீ நம்பர்."

பகிடி விடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பனைவிட வயது கூடிய காரை முதல் காராக வாங்க நினைப்பவனிடம் வேறு என்ன சொல்வது? ஆனால் பையன் பகிடி விடவில்லை. விடுமுறைக்கு வந்த வெளிநாட்டு உறவினர் ஒருவர் அவனுக்கு ஓதிவிட்டுப் போயிருக்கிறார். முதல் கார் என்றால் பழைய சின்னக் காராக இருக்க வேண்டுமாம். எளிமையான இயந்திரமாம், யாரும் திருத்தலாமாம், விலை இறங்காதாம். எல்லாவற்றுக்கும் மேலாக அதற்கு ஒரு 'குணம்' இருக்கிறதாம். இந்த வேதத்தை அண்மைக்காலமாகப் பல வாய்களில் கேட்டுவருகிறேன். ஓதுகிறவர்கள் எல்லோரிடமும் பொதுவாக ஒரு சங்கதி உண்டு. அவர்களுடைய வீட்டு முற்றத்தில் ஏற்கனவே வேறொரு புதிய கார் நிற்கும்.

நான் மொறிஸ் மைனருக்கு எதிரி அல்லன். சிறுவயதில் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு எல்லாம் பொதுவாக ஓடிய வாடகைக் கார் ஒரு மைனர்தான். பின்னிருக்கையில் ஐந்து பேர், முன்னால் மூன்று பேர், மடியில் கோழி. பெற்றோல் பம்பி 'டிக் டிக்' என்று அடித்து ஓய்ந்த பிறகே கார் கிளம்பும் என்பதை அந்த வயதிலேயே அறிந்தவன் நான். அலெக் இசிகோனிஸ் என்ற மேதை வடிவமைத்து 1948இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமான கார் அது. கடைசி நேரத்தில் அகலம் போதாது என்று மாதிரிக் காரை நடுவே பிளந்து நான்கு அங்குலம் கூட்டினார்கள். மூடியின் நடுவில் ஓடும் அந்தத் தட்டைப் பட்டி அதன் அடையாளம். கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபு அதைத் தண்ணீரில் அவித்த முட்டைக்கு ஒப்பிட்டாராம். ஆயினும் பத்து இலட்சம் உற்பத்தியான முதலாவது பிரித்தானியக் கார் என்ற பெயர் அந்த முட்டைக்குத்தான் கிடைத்தது. அந்தக் காலத்துக்கு அதன் ஸ்டியரிங் ஓர் அற்புதம். இதையெல்லாம் மறுப்பவன் வாகனம் தெரியாதவன்.

ஆனால் அந்தக் காலத்துக்கு என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் நிற்கிறது வழக்கு.

இலங்கையில் ஏன் இத்தனை மொறிஸ் மைனர்களும் ஒஸ்டின் ஏ-40களும் மிஞ்சின? காதலால் என்று நினைக்கிறார்கள் கொழும்பு வார இதழ்களில் படம் போடுகிறவர்கள். இல்லை ஐயா, கதியற்றுப் போனதால் மிஞ்சின. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியதும் கார் இறக்குமதிக்குக் கதவு சாத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருந்த காரை ஒட்டியும் தட்டியும் ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. வடக்குக் கிழக்கில் எங்களுக்கு அந்தக் காலம் இன்னும் நீண்டது. 1990களில் எரிபொருள் தடைப்பட்ட பகுதிகளில் ஒஸ்டின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபுறேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்க விகிதம் குறைந்த அந்தப் பழைய இயந்திரங்கள் கரும்புகை கக்கிக்கொண்டேனும் அதைச் சகித்தன. இன்றைய இயந்திரம் சகிக்காது. அந்தப் புகைக்குள் பிள்ளைப்பேற்றுக்குப் போன தாய்மாரும் உண்டு, காயப்பட்டுப் போனவர்களும் உண்டு. அந்தக் கார்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். ஆனால் பஞ்ச காலத்தில் மரவள்ளிக்கிழங்கு உயிர் காத்தது என்பதற்காக, கலியாண வீட்டில் அதையே பரிமாறி அதற்குப் பாரம்பரிய உணவு என்று பெயர் வைத்து, சோற்றைவிடக் கூடிய விலையும் கேட்டால் எப்படி?

சரி, விடயத்துக்கு வருவோம். கட்டைபறிச்சானைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மூதூரில் இருந்து சம்பூருக்குப் போகும் வழியில், களப்போரம் இருக்கும் ஊர். இறால் பாலத்தில் நின்றால் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். 2006இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தபோது, பின்னர் அவர்களில் ஒரு பகுதியினர் ஆண்டுக்கணக்காக முகாமில் கிடந்ததும் இந்த ஊரில்தான். திருகோணமலைக்குப் போவதென்றால் கொட்டியாரக் குடாவைக் கடந்து லோஞ்சில் போக வேண்டும். தரைவழி என்றால் பாதைப்படகுகளுக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது சேருநுவர, கந்தளாய் என்று ஊரைச் சுற்ற வேண்டும். (இதே குடாவில்தான் 1660இல் ரொபர்ட் நொக்ஸ் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டார். நொக்ஸ் தப்புவதற்குப் பத்தொன்பது வருடம் பிடித்தது. எங்கள் ஆட்களுக்குப் பாலம் வர அதைவிடக் கூட!) 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. பின்னர் ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. இன்று காப்பெற் வீதி.

இந்த ஊரில் முதல் கார் என்பது என்ன? ஞாயிற்றுக்கிழமை துடைத்து மெருகேற்றிப் படம் எடுக்கும் பொருளா? இரவு ஒரு மணிக்கு அம்மாவுக்கு நெஞ்சு நோகிறது என்றால் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது அந்தக் கார். அக்காவின் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றுவதும், நெல்மூட்டை இழுப்பதும் அதே கார்தான். இரண்டாவது கார் இல்லாத வீட்டில் முதலாவது கார் பழுதாகக் கூடாது.

மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடலே சட்டகம். வாசலடிப் பெட்டியும் தரைத்தகரமும் பின்வில் பூட்டும் இடமும் துருப்பிடித்தால் அழகு மட்டும் கெடுவதில்லை, காரின் முதுகெலும்பே போகிறது. உப்புக்காற்றில் அறுபத்தைந்து வருடத் தகரம் எப்படி இருக்கும்? ரிங்கரிங் வேலைக்காரர் கைதேர்ந்தவர் என்றால் பட்டி பூசி, தேய்த்து, பளபளவென்று நிறம் அடித்துவிடுவார். மேலே மணப்பெண், கீழே சல்லடை.

முன்சில்லைத் தாங்கி நிற்கும் திருகுப்பிணைப்பு ஒன்று உண்டு, 'ட்ரனியன்' என்பார்கள். அதற்குத் தவறாமல் கிரீஸ் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மறந்தால் புரி தேய்ந்து, ஒருநாள் வளைவில் திரும்பும்போது முன்சில்லு மடிந்து கார் முழந்தாளில் விழும். மைனர் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த, விற்கும்போது எல்லோரும் மறந்துபோகும் விடயம் இது. பிரேக்கோ நான்கு சில்லுக்கும் ட்ரம் பிரேக். வாகனங்கள் மெதுவாக ஓடிய காலத்துக்கு அது போதும். இன்று கிண்ணியா வீதியில் பின்னால் வரும் பஸ்காரன் நீங்கள் பழைமை விரும்பி என்பதற்காக வேகத்தைக் குறைக்க மாட்டான். டைனமோவில் எரியும் மஞ்சள் வெளிச்சத்தில் இரவில் வீதியில் படுத்திருக்கும் கறுப்பு எருமையைக் காண்பதற்குக் கண்ணைவிட அதிர்ஷ்டம்தான் வேண்டும். ஆசனப்பட்டி அந்த வருடத்துக் காரில் இல்லை. மோதினால் ஸ்டியரிங் தண்டு நேரே நெஞ்சுக்கு. இதுதான் அந்தக் 'குணம்'.

யாரும் திருத்தலாம் என்கிறார்களே? திருத்தலாம்தான், திருத்தத் தெரிந்தவர் இருந்தால். பொயின்ற் இடைவெளியைச் சிகரெட் பெட்டி மட்டையால் அளந்து வைத்த கிழவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மூதூர்க் கராஜ் பையன்கள் இன்று மோட்டார் சைக்கிளையும் முச்சக்கர வண்டியையும் கண் மூடித் திருத்துவார்கள். மைனரின் பிரேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே தரைக்குள் ஒளிந்திருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். உதிரிப்பாகமா? வேடிக்கை கேளுங்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் இலங்கையர் ஒருவரோடு சேர்ந்து, மைனருக்கான பாகங்களை இந்த நாட்டிலேயே செய்து அங்கே அனுப்ப ஒரு கம்பனி தொடங்கினார். எங்கள் தொழிலாளி தட்டிய தகரம் ஆங்கிலேயனின் காரில் ஏறியது. எங்கள் மருமகனோ ஒரு ரப்பர் வளையத்துக்கு ஒருநாள் லீவு போட்டுப் பஞ்சிகாவத்தைக்குப் பஸ் ஏற வேண்டும்.

இனி அந்த 'நல்ல ஸ்ரீ நம்பர்'. இதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது, பையன் மீது அல்ல. பழைய கார் விற்பவர்கள் நம்பருக்குத் தனியாக விலை பேசுகிறார்கள். 'ஒரிஜினல் ஸ்ரீ' என்று விளம்பரம் செய்கிறார்கள். அதற்கு முன் ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்று ஆங்கில எழுத்துகள் இருந்த இடத்தில் 1957இல் சிங்கள ஸ்ரீ வந்தது. தமிழரசுக் கட்சியினர் தமிழ் ஸ்ரீ எழுதிய தகடுகளோடு வாகனம் ஓட்டிச் சட்டத்தை மீறினார்கள். 1958 மார்ச்சில் சிங்கள ஸ்ரீ தாங்கிய பஸ்கள் வடக்குக்கு வந்தபோது இங்கே ஸ்ரீக்குத் தார் பூசப்பட்டது, தெற்கே தமிழ் எழுத்துகளுக்குத் தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டா - செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதம் என்ன நடந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. அதற்கு முந்திய வருடம், 1957 பெப்ரவரி 4ஆம் திகதி, திருகோணமலைச் சந்தையடி மணிக்கூட்டுக் கோபுரத்தில் கறுப்புக்கொடி ஏற்றப்போன நடராசன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இடத்தை என் மருமகன் மாதம் இரண்டு முறையாவது கடந்து போகிறான். அவனுக்கு இது தெரியாது. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை. வீட்டில் நாங்களும் சொல்லவில்லை, அது எங்கள் பிழை. ஸ்ரீ நம்பர் கார் வாங்குபவன் துரோகி என்று சொல்ல நான் மேடைப் பேச்சாளன் இல்லை. எங்கள் ஊர் வாடகைக் காரிலும் அதே எழுத்துத்தான் இருந்தது. அதில்தான் நாங்களும் ஏறிப்போனோம். ஆனால் அந்த எழுத்துக்கு மேலதிகமாகப் பணம் கொடுப்பவன் எதற்குக் கொடுக்கிறான் என்றாவது அறிந்திருக்க வேண்டும்.

"அப்ப என்னதான் மாமா வாங்கச் சொல்லுறியள்? மாருதி எண்ணூறா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. இந்தியாவில் 1983 டிசம்பரில் முதல் மாருதி 800இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 2014இல் உற்பத்தி நின்றுவிட்டது. ஆக அதுவும் இப்போது பழங்கார்தான். அதுவொன்றும் கோட்டை அல்ல. அதன் வாரிசான அல்ட்டோ 800ஐ 2014இல் குளோபல் என்கேப் மோதிப் பார்த்தபோது, காற்றுப்பை இல்லாத அந்தக் காருக்குக் கிடைத்தது பூச்சிய நட்சத்திரம். நான் மறைக்கவில்லை. ஆனால் மாருதியில் ஆசனப்பட்டி உண்டு, வெளிச்சம் உண்டு, மூதூரிலேயே திருத்த ஆள் உண்டு. கெட்டதுக்கும் மிகக் கெட்டதுக்கும் இடையில் ஓர் இருபத்தாறு வயதுப் பிள்ளை தெரிவுசெய்ய வேண்டியிருக்கிறதே, அதை யார் கேட்பது?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்த கதவின் வாசலில் சுங்க வரி, மிகைவரி, உற்பத்தி வரி, அவற்றுக்கு மேல் 18 சதவீத வற் என்று காவலுக்கு ஆட்கள். காற்றுப்பையும் நல்ல பிரேக்கும் உள்ள சின்னக் கார் ஒன்று சாதாரண உத்தியோகத்தனுக்கு எட்டாத பொருளாகிவிட்டது. பழைய கார்களின் விலை வானத்தில். கையில் ஒரு பகுதிக் காசோடு போனால் லீசிங்காரன் மீதியைத் தந்து ஐந்து வருடத்துக்குக் கழுத்தில் கயிறு போடுகிறான். இந்த நெருக்குதலில்தான் மைனர் 'தோதான விலை'யாகத் தெரிகிறது. கஜானாவில் டொலர் இல்லாமல் போனதற்கு என் மருமகன் காரணம் அல்லன். 2022 ஜூலையில் கியூ.ஆர். அட்டையைக் காட்டி ஒரு காருக்கு வாரம் இருபது லீற்றர் என்று அளந்து வாங்கியபோதும் அவன் காரணம் அல்லன். அவனுக்குக் கிடைத்திருப்பது மட்டும் அறுபத்தைந்து வருடத் தகரமும், அதைப் பாரம்பரியம் என்று பாராட்டச் சில பெரிய மனிதர்களும்.

பாராட்டுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் மகள் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்த கிழமை, மழை இரவில், அவளை அந்தக் காரில் தனியே அறுபது மைல் அனுப்புவீர்களா?

இரண்டு கிழமைக்கு முன் அவனோடு நானும் அந்தக் காரைப் பார்க்கப் போனேன். கிளிப்பச்சை நிறம். அழகு சொல்லி மாளாது, நானே ஒரு நிமிடம் தடுமாறினேன். விற்பவர் தேநீர் தந்து உபசரித்தார். நான் சட்டைப்பையில் இருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்து வாசலடித் தகரத்தில் வைத்தேன். ஒட்டவில்லை. ஒரு சாண் தள்ளி வைத்தேன். அங்கும் ஒட்டவில்லை. மறுபக்கம் போய்க் குனிந்தபோது விற்பவர், "ஐயா பேப்பர்காரர் எண்டு தம்பி சொல்லேல்லையே" என்றார்.

மருமகன் இன்னும் மோட்டார் சைக்கிளில்தான் போகிறான். அவனுக்கு என்மேல் சிறு வருத்தம். சீட்டு முடிய இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது. அதற்குள் மாருதி ஒன்று அகப்பட்டால் அந்தக் காந்தத்தோடு திரும்பவும் போவோம்.