பெருவிமானமும் அதனைக் கற்கும் முறையும்

"இக்காலத்தில் விமானத்தை நடத்துவது கணினியே, விமானி பொத்தானை அழுத்தினாற் போதும்" என்று கூறுவோர் பலர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஓரளவு பிழையும் உண்டு. அப்பிழை அபாயகரமானது என்பதே எமது துணிபு. அதனை ஒரு விமானத்தை முன்வைத்து ஈண்டு ஆராய்வாம்.

ஸி-17 குளோப்மாஸ்டர் என்பது அமெரிக்க விமானப்படையின் பெருஞ் சரக்கு விமானம். அது 1991-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 15-ஆம் நாள் முதன்முதற் பறந்தது, 1995-இல் பணியேற்றது, 2015-இல் அதன் உற்பத்தி நின்றது. கட்டப்பட்டவை மொத்தம் 279. இந்திய விமானப்படையிலும் 2013 முதல் இவ்விமானம் இருந்துவருகின்றது. நீளம் 53 மீட்டர். ஏற்றக்கூடிய சுமை ஏறக்குறைய 77 டன். பெரிய டாங்கி ஒன்றைத் தன் வயிற்றில் ஏற்றிச் செல்லும். நான்கு இயந்திரங்களின் வீச்சையும் எதிர்முகமாகத் திருப்பி, நிலத்திற் பின்னோக்கியும் நகரும். இத்தகைய ஊர்தியை நடத்துவோரோ மூவரே: விமானிகள் இருவர், சுமைப் பொறுப்பாளர் ஒருவர்.

இதற்கு முன் இப்பணியைச் செய்துவந்த ஸி-141 ஸ்டார்லிப்டர் விமானத்திலே, விமானிகளின்றி இயந்திரப் பொறுப்பாளரும் இருந்தனர். எரிபொருள், மின்சாரம், எண்ணெயழுத்தம், காற்றழுத்தம் ஆகியவற்றின் முட்களை நோக்கியிருப்பதே அவர் தொழில். ஸி-17 விமானத்தில் அவர்க்கு ஆசனம் இல்லை. அங்கே விமானிகளின் முன் நான்கு பெருந்திரைகள் உள. வெளியே நோக்கிய கண்ணை எடாமலே வேகத்தையும் உயரத்தையும் ஒளியெழுத்திற் காண, ஒவ்வொரு விமானிக்கும் ஒரு கண்ணாடியும் உண்டு. ஆசனம் போயிற்று, அதில் இருந்தவரது அறிவு எங்கே போயிற்று? கணினிக்குட் போயிற்று என்பர் சிலர். இரு விமானிகளின் நெஞ்சிற் புகுதல் வேண்டும் என்பேம் யாம்.

காரணம் கூறுவாம். இவ்விமானம் சிறு ஓடுதளத்திலும் இறங்குமாறு அமைக்கப்பட்டது. அதற்கென, இயந்திரங்களின் வீச்சு சிறகின் பின்புறத்துத் தாழ்மடல்களின்மீது பாயுமாறு செய்யப்பட்டுள்ளது. அவ்வீச்சினாலும் விமானம் தாங்கப்படுகின்றது. இனி, இறங்கும் வேளையில் ஓர் இயந்திரம் நின்றதெனக் கொள்வோம். அப்பக்கத்து உந்துதல் குறையும். அவ்வளவோடு நில்லாது, அச்சிறகின் தாங்குவலியும் குறையும். அவ்வியந்திரத்தாற் சுழலும் மின்னாக்கியும் எண்ணெயழுத்தக் குழாய்வழியின் பம்புகளும் உடன் ஓயும். நோய் ஒன்று, குறிகளோ பல. திரையிலே எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். உள்ளமைப்பைக் கற்றவன் அவை யாவும் ஒரே வேரிற் கிளைத்தவை என்று கண்டு, செயற்பாலதைச் செய்வான். கல்லாதவன் கிளைதோறும் தாவுவான். அதற்குள் நிலம் அணுகிவிடும்.

"செய்முறைப் பட்டியல் கையில் உளதே, அதைப் படித்தாற் போதாதோ?" எனச் சிலர் வினவலாம். பட்டியலை யாம் இகழ்வோமல்லேம். 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், ரைட் பீல்டு என்னுமிடத்தில், போயிங் கம்பெனியார் அமைத்த ஒரு புதிய குண்டுவீச்சு விமானம், கட்டுப்பாட்டுத் தகடுகளின் பூட்டைத் திறவாமலே எழும்பி வீழ்ந்தது. நடத்தியவர் தேர்ந்த விமானி. மனித ஞாபகம் ஒன்றையே நம்பலாகாது என்று அன்று கற்ற பாடத்தினின்றே அப்பட்டியல் வழக்கம் வேரூன்றியது. ஆயினும் பட்டியல் சூத்திரம் போன்றது. உள்ளமைப்பின் அறிவு உரை போன்றது. சூத்திரம் சுருங்கியிருப்பது நினைவிற்கு உதவும் பொருட்டு. உரையறியாது சூத்திரத்தை ஒப்பிப்பவன் இலக்கணம் வல்லவனாகான் என்பதைத் தமிழ் பயிலும் எம்மனோர் நன்கறிவர். எந்தச் சூத்திரம் எவ்விடத்துக்கு உரியது என்று தெரிவதற்கே உரை வேண்டும்.

நிற்க. அறிவு மட்டும் அமையுமோ எனின், அமையாது. 2010-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள், அலாஸ்காவின் எல்மண்டார்ப் தளத்திலே, வானக் காட்சிக்கு ஒத்திகையாக ஒரு ஸி-17 எழும்பிற்று. தாழ்ந்த உயரத்தில், குறைந்த வேகத்தில், மிகச் சரிந்து திரும்பிற்று. சிறகு தன் தாங்குவலியை இழக்கப்போகின்றதென்று எச்சரிக்கைக் கருவி ஒலித்தது. திருப்பம் நிறுத்தப்படவில்லை. விமானம் வீழ்ந்து நால்வரும் மாண்டனர். விதிமுறைகள் மீறப்பட்டன என்று விசாரணை முடிவுரைத்தது. அங்கே கணினி தன் கடமையைச் செய்தது; செவிதான் கேட்கவில்லை. பழகப் பழக எல்லைக்கோடு மங்கித் தோன்றுவது மனித இயல்பு. ஆதலின் எல்லை எங்கே உளது என்பதோடு, அஃது ஏன் அங்கே உளது என்பதையும் விமானி கற்றல் வேண்டும். காரணம் அறிந்து அஞ்சுபவன் தேர்ச்சி மிகுந்த பின்னும் அஞ்சுவான்.

ஓக்லஹோமா மாகாணத்து ஆல்டஸ் தளத்தில் இவ்விமானிகள் பயில்கின்றனர். மெய்யான விமானத்தைத் தொடுமுன், அதனைப் போலவே அசையும் போலி அறையில் இயந்திரம் அணைவதையும் தீப்பற்றுவதையும் பன்முறை கண்டு பழகுகின்றனர். நன்முறையே. எனினும் போலி அறை கையைப் பழக்குமளவு கருத்தைப் பழக்குமென்று எண்ணலாகாது. எரிபொருள் தொட்டியினின்று இயந்திரம் வரையும், மின்னாக்கியினின்று திரை வரையும் ஒவ்வொரு வழியையும் தாளில் வரைந்து, "இது நின்றால் எது நிற்கும்?" என்று தன்னைத்தானே வினவும் மாணாக்கனே அவ்வறையிலும் மிகுதியாகக் கற்பான்.

இவ்வளவு உழைப்பு எதற்கென்பார்க்கு ஒன்று கூறி முடிப்பாம். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ஆம் நாள், காபூல் நகரினின்று ஒரே ஸி-17 விமானம் 823 பேரை ஏற்றிக்கொண்டு எழும்பிற்று. ஆசனம் இன்றித் தளத்திலே நெருங்கி அமர்ந்திருந்தனர், குழந்தைகளும் உட்பட. அவர்களை இறக்கிவிடுவதா, ஏற்றிச் செல்வதா என்று எந்தத் திரையும் சொல்லவில்லை. தம் விமானம் எதனைத் தாங்கும், எதனைத் தாங்காது என்று அறிந்த சிலரே முடிவு செய்தனர். பொத்தானை அழுத்த யாரும் பழகலாம். அத்தகைய வேளையில் முடிவு செய்ய, கற்றவனே வேண்டும்.