உறங்கி எழும் திராட்சைக் கொடி

நெய்ச்சோற்றில் இடும் கிஸ்மிஸ் நம் இல்லங்களுக்குப் புதிதன்று. அதனைத் தரும் கொடியைப் பற்றி நாம் அறிந்திருப்பதோ சொற்பமே.

நம் பக்கத்துக் கடைகளில் விற்கும் பன்னீர்த் திராட்சை கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது. 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அங்கே கடுங்குளிர் இல்லாமையால் கொடி உறங்குவதில்லை. உழவர் கவாத்துச் செய்துதான் அதனைத் தழைக்கவும் காய்க்கவும் வைக்கின்றனர்.

பனி உறையும் நாடுகளில் கொடி இலையுதிர்த்து, தண்டு முற்றி, மொட்டை மூடிக்கொண்டு உறங்கிவிடும். ஆயினும் உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 20 டிகிரியை எட்டினால் ஐரோப்பியத் திராட்சையின் மொட்டுகள் மடியத் தொடங்கும்.

சீனாவின் வடமேற்கே, உய்குர் முஸ்லிம்கள் வாழும் துர்பான் ஒரு வறண்ட பூமி. அங்குள்ள மழையோடு ஒப்பிட்டால் நமது பரளச்சிக் கரிசல் காடு செழிப்பானது என்றே சொல்ல வேண்டும்! கரேஸ் எனும் நிலத்தடிக் கால்வாய்கள் மலையடிவாரத்து நீரைக் கொண்டுவர, அதனைக் கொண்டு திராட்சை பயிரிடுகின்றனர். குளிர் வருமுன் கொடிகளைப் பந்தலிலிருந்து இறக்கி, முறியாமல் வளைத்து மண்ணுக்குள் புதைப்பர். இளவேனிலில் மீண்டும் தோண்டியெடுத்துக் கட்டுவர். ஆண்டுதோறும் இந்த உழைப்பு!

புதைக்காமலே பிழைக்கும் கொடியை உண்டாக்க இயலாதா? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பால்மாடு வளர்த்த எல்மர் ஸ்வென்சன் என்னும் விவசாயி 1943இல் அம்முயற்சியில் இறங்கினார். அந்நாட்டு ஆற்றங்கரைகளில் தானே படரும் காட்டுத் திராட்சை, உறைநிலைக்குக் கீழே 35 டிகிரியையும் தாங்கவல்லது. பழமோ சிறியது, கடும் புளிப்பு. அதனையும் நல்ல பழம் தரும் இனங்களையும் இணைக்க வேண்டும்.

இது பொறுமைக்குரிய பணி. பூ விரியுமுன் அதன் மகரந்தப் பைகளைச் சிறு இடுக்கியால் நீக்கி, வேறு கொடியின் மகரந்தத்தைத் தடவி, உறையிட்டு மூட வேண்டும். விளைந்த விதையைச் சில மாதங்கள் ஈரக் குளிரில் வைத்தாலே நன்கு முளைக்கும். நாற்று காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். குளிரைத் தாங்கியது புளிக்கும்; இனித்தது பனியில் கருகும். பெரும்பாலானவற்றைப் பிடுங்கி எறியவே நேரும்.

இவ்வகைகளுள் பல மது ஆலைகளுக்குப் போய்ச் சேர்ந்தது நமக்கு உவப்பானதன்று. எனினும் உண்பதற்கென்றே விதையற்ற ‘சோமர்செட் சீட்லெஸ்’ வகையையும் அவர் உருவாக்கினார். திராட்சை விதையில் தாயின் குணம் அப்படியே வருவதில்லை. குச்சியை வெட்டி நட்டால்தான் வரும். 2004இல் மறைந்த ஸ்வென்சன், தம் கொடிகளின் குச்சிகளைக் கேட்டவர்க்கெல்லாம் தாராளமாகக் கொடுத்துவந்தார்.