சிறிது தூரம் ஓடி நின்ற நாய்

தமிழ் நாளிதழ்களில் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் வாக்கியங்கள் சில உண்டு. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, திருட்டுச் செய்திகளின் கடைசிப் பத்தியில் வருவது. மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. அது சிறிது தூரம் ஓடிச் சென்று நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. ஊர் மாறும், நகையின் எடை மாறும், நாயின் பெயர்கூட மாறும். வாக்கியம் மாறாது. படிக்கிறவர்கள் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார்கள். நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன், சென்ற மழைக்காலம் முடிந்த கையோடு மட்டாஞ்சேரிக்குப் போகும் வரை.

அங்கே என் நண்பர் ஒருவர் பஜார் ரோட்டில் சுக்கு, மிளகு கமிஷன் வியாபாரம் செய்கிறார். மூன்று தலைமுறைக்கு முன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டில் தமிழ், கிட்டங்கியில் மலையாளம், கணக்குப் புத்தகத்தில் இரண்டும் கலந்து ஏதோ ஒன்று. அவரிடம் ஐந்து வயது லாப்ரடார் ஒன்று இருக்கிறது. நாய்க் கண்காட்சிக்குக் கொண்டுபோய்ப் பரிசு வாங்கும் ஆசையெல்லாம் அவருக்கு இல்லை. ஐரோப்பாவில் விளையாட்டாக நடத்துகிறார்களே, மனிதன் நடந்துபோன தடத்தை நாய் மோந்துகொண்டே தொடரும் போட்டி, அதன் விதிமுறைகளை வரவழைத்து, சங்கம் எதுவும் இல்லாமல், நடுவர் இல்லாமல், தானாகவே பயிற்சி கொடுத்து வருகிறார். அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம் நாய்க்கு அறிமுகமில்லாத ஓர் ஆள், நடந்து தடம் போட. விருந்தாளியாகப் போன நான் அகப்பட்டுக்கொண்டேன்.

விடியற்காலை ஐந்தரை மணி. ஃபோர்ட் கொச்சி பரேட் மைதானம். கால்பந்து ஆடும் பையன்கள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். நண்பர் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். நான் ஒரு குச்சியை நட்டு, அதன் அருகே ஒரு சதுரத்தை நன்றாக மிதித்துவிட்டு, ஈரப் புல்லில் சாதாரணமாக நடந்தேன். 300 தப்படி. வழியில் இரண்டு திருப்பம். நடுவில் ஒரு துணித்துண்டு, முடிவில் ஒரு தோல்துண்டு போட்டேன். இரண்டும் முந்தின நாள் முழுக்க என் பையில் கிடந்தவை. பிறகு சுற்று வழியாகத் திரும்பி வந்தேன். ‘அரை மணி நேரம் ஊறட்டும்’ என்றார் நண்பர், ஊறுகாயைச் சொல்வது போல.

இது பந்தய விதிகளில் இரண்டாம் நிலைக்கு நெருக்கமானது. மூன்றாம் நிலையில் தடம் 600 தப்படி, நான்கு திருப்பங்கள், மூன்று பொருள்கள், தடம் போட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நாய் முன்னே போக, அதன் சொந்தக்காரர் 10 மீட்டர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துப் பின்னால் போக வேண்டும். பொருள் கிடைத்தால் நாய் அங்கேயே படுத்துக் காட்டும். மதிப்பெண் 100. அமெரிக்காவில் 1995 முதல் நகரத்துக்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது. தார், சிமென்ட், சரளை, புல் என்று மாறி மாறி வரும் தரையில், மூன்று முதல் ஐந்து மணி நேரம் பழசான தடத்தைத் தொடர வேண்டும். எந்த நாட்டு விதியானாலும் உயர்நிலைகளில் ஒரு நிபந்தனை பொதுவானது. நாயைப் பிடித்துப் போகிறவருக்குத் தடம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியக்கூடாது. நடுவருக்கு மட்டும் தெரியும்.

காத்திருந்த நேரத்தில் டீ குடித்துக்கொண்டே, எல்லோரும் கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன். திருடர்கள் மிளகாய்ப்பொடி தூவிவிட்டுப் போகிறார்களே, மிளகும் சுக்கும் மணக்கும் இந்த ஊரில் நாயின் மூக்கு என்ன ஆகும்? ‘பொடியை நேரா இழுத்தா தும்மும் சார். கொஞ்ச நேரம் எரியும். அந்த இடத்தைத் தாண்டிக் கொண்டுபோய் மறுபடி ஆரம்பிக்கணும், அவ்வளவுதான். மத்தபடி எங்க தெருவே மிளகு வாசனை. அது நமக்குத்தான் பெரிசு. நாய் அதை ஒதுக்கி வச்சுட்டு வேண்டியதை எடுத்துக்கும்’ என்றார். மனித மூக்கில் மணம் அறியும் செல்கள் சுமார் 50, 60 லட்சம் என்றால், நாய்க்கு 20 கோடிக்கு மேல். சாம்பார் மணக்கிறது என்று நாம் சொல்லும் இடத்தில் பருப்பு, புளி, பெருங்காயம் என்று அது தனித்தனியாகப் படிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

தடம் என்பதே ஒரு மணம் அல்ல. மிதிபட்ட புல்லின் சாறு, கிளறுபட்ட மண்ணின் வாசனை, நம் உடம்பிலிருந்து ஓயாமல் உதிரும் கண்ணுக்குத் தெரியாத தோல்துகள்கள் எல்லாம் சேர்ந்தது. ஈரமும் குளிர்ச்சியும் அதைக் காப்பாற்றும். பகல் வெயிலில் காயும் தார்ச்சாலை அதைச் சீக்கிரம் அழிக்கும். அதைவிட மோசம் கூட்டம். களவு போன வீட்டுக்குள் அக்கம்பக்கத்தார் ஐம்பது பேர் நுழைந்து, பீரோவைத் தொட்டுப் பார்த்து, ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போன பிறகு, மதியம் வந்து சேரும் நாயிடம் நாம் அற்புதத்தை எதிர்பார்க்கிறோம்.

நாய் செய்யும் இன்னொரு காரியம் எனக்கு அற்புதமாகவே படுகிறது. தடத்தின் குறுக்கே கொண்டுவந்து விட்டால், ஆள் எந்தத் திசையில் போனான் என்பதை அது கண்டுபிடித்துவிடுகிறது. வடக்கு அயர்லாந்தில் ஹெப்பர், வெல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2005-ல் இதைச் சோதித்தார்கள். ஐந்து காலடிகள் இருந்தால் போதும், மூன்று போதவில்லை. ஒவ்வொரு காலடிக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நேர வித்தியாசம் இருந்துவிடப்போகிறது? ஒரு விநாடிகூட இல்லை. அந்தப் பழமையையும் புதுமையையும் மூக்கால் ஒப்பிட்டுத் திசை சொல்கிறது நாய்.

ஆறு மணிக்கு நாயை விட்டார்கள். விட்டார் என்று சொல்ல வேண்டும், ஒரே ஆள்தான். மூக்கைத் தரையில் புதைத்துக்கொண்டு, அவசரமில்லாமல், தையல் மெஷின் ஓடுவது போல அது போயிற்று. முதல் திருப்பம் சுலபமாகக் கடந்தது. துணித்துண்டில் படுத்துக் காட்டியது. இரண்டாம் திருப்பத்தில் நேராக நாலு அடி தாண்டிப் போய், திரும்பி வந்து, நின்றுவிட்டது.

எனக்கு நாளிதழ் வாக்கியம் ஞாபகம் வந்தது. அதே நேரத்தில் நண்பர், திரும்பாமலே, ‘சார், தயவுசெஞ்சு கடல் பக்கம் பார்த்து நில்லுங்க’ என்றார். அப்போதுதான் உறைத்தது. நான் தோல்துண்டு கிடக்கும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவர் என்னைப் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அவருக்குத் தெரிந்தால் கயிறு வழியாக நாய்க்கும் தெரிந்துவிடும்.

இது வெறும் நம்பிக்கை அல்ல. கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தில் லிசா லிட் என்பவரும் சகாக்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. போதைப்பொருளும் வெடிமருந்தும் கண்டுபிடிக்கப் பழகிய 18 நாய்களையும் அவற்றின் காவலர்களையும் ஒரு தேவாலயக் கட்டடத்துக்கு அழைத்தார்கள். சிவப்புக் காகிதம் ஒட்டிய இடத்தில் பொருள் இருக்கலாம் என்று காவலர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் கட்டடத்தில் எங்குமே எதுவும் இல்லை. 144 முறை தேடினார்கள். இல்லாத ஒன்றைக் கண்டுபிடிக்காமல் சுத்தமாக வெளியே வந்தது 21 முறைதான். நாய்கள் பொய் சொல்லவில்லை. எஜமானர்கள் எதிர்பார்த்ததைச் செய்து கொடுத்தன, அல்லது எஜமானர்கள் தாங்கள் எதிர்பார்த்ததை நாயிடம் கண்டார்கள். நாய்க்கு நம்மைத் திருப்திப்படுத்துவதைவிடப் பெரிய வேலை உலகத்தில் கிடையாது. சிக்கலே அதுதான்.

பரேட் மைதானத்து நாய் சுற்றி ஒரு வட்டம் போட்டது. நண்பர் கயிற்றைத் தளர்த்திவிட்டு மரம்போல நின்றார். பிறகு அது இடது பக்கம் திரும்பி, வேகம் பிடித்து, நூறு தப்படி போய்த் தோல்துண்டின் முன் படுத்தது. ‘நீங்க வலது பக்கம், மரத்தடிக்குத்தான் போயிருப்பீங்கன்னு நினைச்சேன் சார். லேசா இழுத்திருந்தா அதுவும் வந்திருக்கும்’ என்றார் நண்பர். ஒரு தோல்துண்டு கிடைக்காமல் போயிருக்கும், வேறு நஷ்டமில்லை.

போலீஸ் நாய் விஷயத்தில் நஷ்டம் வேறு மாதிரி. டெக்சாஸில் ரிச்சர்ட் வின்ஃப்ரி என்பவருக்கு 2007-ல் கொலை வழக்கில் தண்டனை விழுந்தது. முக்கிய ஆதாரம், ஒரு துணை ஷெரீஃபின் மோப்ப நாய்கள் அவருடைய வாசனையை ‘அடையாளம் காட்டியது’. 2010-ல் அந்த மாநிலத்தின் உச்ச குற்றவியல் நீதிமன்றம், நாயின் அடையாளம் மட்டும் தண்டனைக்குப் போதாது என்று அவரை விடுவித்தது. இடையில் போன வருடங்களை எந்த நாயும் மோந்து கண்டுபிடித்துத் தராது.

நம் உச்ச நீதிமன்றம் இதை முன்னமே யோசித்திருக்கிறது. ரயில் கவிழ்ப்பு தொடர்பான அப்துல் ரசாக் வழக்கில், 1969-லேயே, நாய்ச் சாட்சியத்துக்கு எதிரான ஆட்சேபங்களை வரிசைப்படுத்தியது. நாய் கூண்டேறிச் சாட்சி சொல்ல முடியாது. அதற்காக மனிதன்தான் பேச வேண்டும். நாயின் அனுமானத்தை நம்பி மனிதனின் உயிரையும் சுதந்திரத்தையும் பணயம் வைக்கலாமா என்பது அடுத்தது. 2001-ல் ஆந்திர வழக்கு ஒன்றில் இன்னும் தெளிவாகவே சொன்னது. புலன்விசாரணைக்கு நாயைப் பயன்படுத்தலாம், குற்றத்தை நிரூபிக்க அல்ல. நாயும் தவறலாம், நாயின் எஜமானும் தவறலாம், நாயின் நடத்தைக்கு நாம் சொல்லும் அர்த்தமும் தவறலாம் என்பது அதன் காரணங்களில் அடங்கும்.

இதைப் படித்துவிட்டு நாய்ப்படையே வீண் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். திருச்சூரிலுள்ள கேரள போலீஸ் அகாடமியில் பழகிய மாயா, மர்ஃபி என்ற இரண்டு பெல்ஜியன் மலினாய் நாய்கள் 2024 ஜூலையில் வயநாட்டு மண்சரிவில், சேற்றுக்கடியில் புதைந்தவர்களைத் தேடின. 2025-ல் தெலங்கானாவில் சுரங்கம் இடிந்தபோது அவற்றைத்தான் அழைத்துப் போனார்கள். பயிற்சியே இல்லாத நாய்கூட நம்மைத் தலைகுனிய வைத்திருக்கிறது. 2020 ஆகஸ்டில் மூணாறுக்கருகே பெட்டிமுடியில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். கூவி என்ற வளர்ப்பு நாய், தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் உடலை எட்டாம் நாள் ஆற்றோரத்தில் காட்டிக்கொடுத்தது. யாரும் அதன் கழுத்தில் கயிறு கட்டியிருக்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

நான் கேட்பது வேறு. அகில இந்தியக் காவல்துறைப் பணித்திறன் போட்டியில் தடம் தொடர்வது, வெடிமருந்து, போதைப்பொருள் என்று நாய்களுக்குப் பந்தயங்கள் நடக்கின்றன. பதக்கம் வாங்கிய நாயின் படம் பத்திரிகையில் வருகிறது. நல்லது. ஆனால் ஒரு நாய் கடந்த வருடம் எத்தனை சோதனைத் தடங்களில் ஓடியது, எத்தனை முறை தவறியது, அதன் காவலருக்குத் தடம் முன்கூட்டியே தெரியாமல்தான் சோதனை நடந்ததா என்ற கணக்கு, அந்த நாய் ஒரு மனிதனைக் காட்டிய வழக்கின் கோப்போடு சேர்ந்து வர வேண்டும். தராசுக்கே வருடாவருடம் முத்திரை போடுகிறோம். பயிற்சித் தடங்களில் காலித் தடமும் இருக்க வேண்டும், அதாவது முடிவில் எதுவுமே இல்லாத தடம். ‘இதற்குமேல் எனக்குத் தெரியவில்லை’ என்று நிற்கிற நாய்க்கும் அன்று பிஸ்கட் கிடைக்க வேண்டும்.

இதை நண்பரிடம் சொன்னபோது அவர் தன் மாமாவின் கதையைச் சொன்னார். காயலோரத்தில் இன்னொரு ஊர். வருடங்கள் பல ஆகின்றன. கிட்டங்கிப் பூட்டை உடைத்துப் பணம் போயிற்று. நாய் வந்தது. வாசலைத் தாண்டி, மூன்று கடை தாண்டி, நேராகப் படகுத் துறைக்குப் போய், தண்ணீரைப் பார்த்தபடி நின்றுவிட்டது. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். காவலர் மட்டும் சிரிக்கவில்லை. கயிற்றை இழுக்கவும் இல்லை. முதல் படகு எத்தனை மணிக்கு என்று டிக்கெட் கொடுப்பவரிடம் விசாரித்து எழுதிக்கொண்டார்.

‘ஆள் பிடிபட்டானா?’ என்று கேட்டேன்.

‘இல்ல சார். ஆனா, காலையிலிருந்து சந்தேகத்தின் பேரில் உட்காரவச்சிருந்தாங்களே, மாமா கிட்டங்கியில மூட்டை தூக்கின ரெண்டு பையன்கள், அவங்க வீடு துறைக்கு நேர் எதிர்ப்பக்கம். சாயங்காலம் அனுப்பிட்டாங்க.’