40 ரூபாய் மிச்சம்... 7,000 ரூபாய் தண்டம்!

வண்டியைத் துடைச்சு, டேங்க்குல ஸ்டிக்கர் ஒட்டி, சைலன்சருக்குப் பாலீஷ் எல்லாம் போட்டாச்சா? குட். இப்போ ஒரே ஒரு கேள்வி. உங்க பைக்குல ஆயில் ஃபில்டர் எங்கே இருக்குன்னு தெரியுமா?

முழிக்கிறீங்க பாருங்க... இதே முழியைத்தான் 2007-ல் நானும் முழிச்சேன். இடம்: ஜி.எஸ்.டி. ரோடு, மதுராந்தகம் ஏரி தாண்டி. நேரம்: உச்சி வெயில், மதியம் ரெண்டு மணி. திண்டிவனத்துல ஃப்ரெண்டோட அக்கா கல்யாணம். வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு சென்னைக்குத் திரும்பிட்டு இருந்தோம். நான் ஓட்டுறேன், பின்னாடி ரூம்மேட். வண்டி செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஒரு 150 சி.சி. பைக்.

“மாப்ளே, இன்ஜின்ல ஏதோ கடகடன்னு சத்தம் வருதுடா.”

“அது டேப்பட் சத்தம்டா. எல்லா வண்டியிலயும் வரும்.”

சொல்லிட்டு ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்கினேன் பாருங்க, அதுதான் நான் செஞ்ச ரெண்டாவது தப்பு. அஞ்சு கிலோமீட்டர் போயிருப்போம். வண்டி இழுவை குறைஞ்சு, திணறி, அப்படியே நின்னுபோச்சு. கிக்கரை மிதிச்சா அது இறங்கவே மாட்டேங்குது. பாறை மேல மிதிச்ச மாதிரி இருக்கு. ஒரு குட்டி யானையைப் பிடிச்சு, பேரம் பேசி, வண்டியை ஏத்தி, தாம்பரம் வந்து சேர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுச்சு.

முதல் தப்பு என்னன்னு கேட்கிறீங்களா? அது ரெண்டு மாசம் முன்னாடி நடந்தது. ஆயில் மாத்தும்போது வழக்கமான மெக்கானிக் அண்ணன் தெளிவாச் சொன்னார். “தம்பி, ஃபில்டரும் சேர்த்து மாத்தணும். கம்பெனி ஃபில்டராப் பார்த்து வாங்கிட்டு வா.” நான் கடைக்குப் போனேன். ஒரிஜினல் 65 ரூபாய். பக்கத்துலயே பேர் ஊர் இல்லாத ஒரு பிளாஸ்டிக் கவர்ல, பார்க்க அதே மாதிரி ஒண்ணு, 25 ரூபாய். மிச்சம் 40 ரூபாய். அந்தக் காசுல என்ன சாப்பிட்டேன்னு கூட இப்போ ஞாபகம் இல்ல.

இன்ஜினைப் பிரிச்சு அண்ணன் அந்த ஃபில்டரை வெளியே எடுத்தப்போ, அது நசுங்கின சமோசா மாதிரி இருந்துச்சு. உள்ளே மடிப்பு மடிப்பா இருக்க வேண்டிய பேப்பர் பிய்ஞ்சு, அதோட துணுக்கு போய் சிலிண்டர் ஹெட்டுக்கு ஆயில் ஏறுற வழியை அடைச்சிருக்கு. ஹெட்டுல கேம் ஷாஃப்ட், ராக்கர் ஆர்ம் ரெண்டும் தேய்ஞ்சு கோடு கோடா இருந்துச்சு. கீழே பிஸ்டனும் போரும் கீறல். ரீபோர், புது பிஸ்டன், கேம், கூலி எல்லாம் சேர்த்து பில் ஏழாயிரத்தைத் தொட்டுச்சு.

அப்பா அந்த செமஸ்டர் ஃபீஸுக்கே ஆபீஸ் சொசைட்டியில லோன் போட்டுத்தான் பணம் அனுப்பியிருந்தார். “ப்ராஜெக்ட் செலவுப்பா”ன்னு புளுகி இன்னொரு 7,000 வாங்கினேன். வேலைக்குப் போன பிறகுதான் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவே இல்ல. “அந்த ஃபில்டர் எவ்வளவுடா?”ன்னு மட்டும் கேட்டார்.

சரி, சொந்த சோகம் போதும். மேட்டருக்கு வருவோம்.

இன்ஜினுக்குள்ள ஆயில் என்ன பண்ணுது? இரும்பும் இரும்பும் நேரடியா உரசாம, நடுவுல ஒரு மெல்லிய படலமா நிக்குது. வண்டி 8,000 ஆர்.பி.எம்.ல ஓடுதுன்னா, கிராங்க் ஒரு செகண்டுக்கு 133 தடவை சுத்துது. பிஸ்டனும் அத்தனை தடவை ஏறி இறங்குது. அந்த வேகத்துல, படலம் ஒரு நொடி அறுந்தாலே போச்சு. இதுல ஒரு துளி உலோகத் தூள் மாட்டினா? நம்ம தலைமுடியோட தடிமன் சுமார் 70 மைக்ரான். அதுல நாலுல ஒரு பங்கு சைஸ் தூசி போதும், பேரிங்கையும் போரையும் மெதுவா உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பிச்சிடும். கண்ணுக்கே தெரியாத சைஸ் பாஸ் அது!

இங்கே பைக்குக்குன்னு ஒரு ஸ்பெஷல் தலைவலி இருக்கு. மேனுவல் கியர் கார்ல இன்ஜின் ஆயில் வேற, கியர்பாக்ஸ் ஆயில் வேற. கிளட்ச் தனியா காய்ஞ்சு கிடக்கும். ஆனா நம்ம ஊர் பைக்குகள்ல பெரும்பாலும் இன்ஜின், கியர், கிளட்ச் மூணுக்கும் ஒரே ஆயில்தான். அதனால பிஸ்டன் தேய்ஞ்ச தூள், கியர் பல்லுல உதிர்ந்த தூள், கிளட்ச் பிளேட் பொடி, பெட்ரோல் எரிஞ்ச கரி... அத்தனையும் ஒரு லிட்டர் சொச்சம் ஆயில்லயே மிதக்குது. சிக்னல்ல நின்னு விர்ர் விர்ர்னு உறுமிட்டு கிளட்ச்சைப் படக்குன்னு விடுறீங்களே, அப்போ உதிர்ற பொடிக்கும் இதே ஃபில்டர்தான் பதில் சொல்லணும்.

(ஒரு குட்டி ஃபிளாஷ்பேக். கார் வந்த புதுசுல ஃபில்டரே கிடையாது. அமெரிக்காவுல எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் என்கிறவர் 1920-களின் ஆரம்பத்துல ஆயில் ஃபில்டரைக் கொண்டு வந்தார். அதுக்கு அவர் வெச்ச பேர் ‘ப்யூரோலேட்டர்’. ‘ப்யூர் ஆயில் லேட்டர்’ என்பதோட சுருக்கமாம். நம்ம ஊர் ஃபிலிம் டைட்டிலை விட பெட்டரா இல்ல?)

முதல்ல உங்க வண்டியில எந்த வகைன்னு தெரிஞ்சுக்கோங்க. பல 150 சி.சி., அதுக்கு மேல உள்ள பைக்குகள்ல, இன்ஜின் பக்கவாட்டுல ரெண்டு மூணு போல்ட் போட்ட சின்ன மூடி இருக்கும். அதுக்குள்ள உருளையா ஒரு பேப்பர் ஃபில்டர். சில பெரிய வண்டிகள்ல, கார்கள்ல இருக்கிற மாதிரி, டப்பாவோட சேர்த்துத் திருகிக் கழட்டுற டைப். ஸ்ப்ளெண்டர் மாதிரி 97.2 சி.சி. இன்ஜின்கள்ல பேப்பரே கிடையாது. கிராங்க் முனையில வேகமா சுத்துற ஒரு வட்டக் கிண்ணம் இருக்கும்; கனமான கசடு ஓரத்துல போய் ஒட்டிக்கும். பால் பண்ணையில கிரீம் பிரிக்கிற மெஷின்ல இருக்கிற அதே தத்துவம்! கூடவே ஒரு கம்பி வலை. ஆக்டிவா வெச்சிருக்கிற தோழிகளே, உங்களுக்கும் வலை மட்டும்தான். ஆக, இந்த வகை வண்டிக்குப் போய் “பேப்பர் ஃபில்டர் மாத்தினேன்”னு யாராவது பில் போட்டா உஷார்! வலையையும் கிண்ணத்தையும் எப்போ க்ளீன் பண்ணணும்னு மேனுவல்ல கிலோமீட்டர் போட்டிருக்கும். மேனுவல் எங்கே இருக்கா? சீட்டுக்கு அடியில, ஆர்.சி. ஜெராக்ஸ் கூட ஒட்டிக்கிட்டு இருக்கும், தேடுங்க.

கடைக்குப் போகும்போது “150-க்கு ஒரு ஃபில்டர் குடுங்கண்ணே”ன்னு கேட்காதீங்க. ஒரே பேர்ல வர்ற வண்டியில கூட வருஷத்துக்கு வருஷம் இன்ஜின் மாறும். 2020 ஏப்ரல்ல பி.எஸ்.-6 வந்தப்போ நிறைய மாடல்ல நிறைய பார்ட்ஸ் மாறிடுச்சு. மாடல், வருஷம், முடிஞ்சா பார்ட் நம்பர், மூணையும் சொல்லிக் கேளுங்க. இல்லேன்னா பழைய ஃபில்டரையே கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சு உயரமும் நடு ஓட்டையும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. உயரம் ரெண்டு மில்லிமீட்டர் கம்மியா இருந்தாலே, ஆயில் பேப்பருக்குள்ள போகாம சந்து வழியா சுத்திக்கிட்டுப் போயிடும். ஃபில்டர் இருக்கு, ஆனா ஃபில்டர் பண்ணல!

கையில எடுத்துப் பார்த்தாலே பாதி ஜாதகம் தெரிஞ்சிடும். மடிப்புகள் சீரா, நெருக்கமா இருக்கணும். நல்ல ஃபில்டர்ல பேப்பருக்கு ரெசின் ஏத்தியிருப்பாங்க, விரலால லேசாத் தொட்டா விறைப்பாத் தெரியும். மலிவு சரக்குல மடிப்பு எண்ணிக்கை குறைவா, கோணல்மாணலா இருக்கும். மேல் கீழ் மூடியில பசை வழிஞ்சிருக்கும், இல்லேன்னா விட்டுப் போயிருக்கும். ரப்பர் வளையம் கல்லு மாதிரி இருந்தா வாங்காதீங்க. சூடான ஆயில்ல அது சீல் பண்ணாது.

போலி விஷயத்துல இன்னொண்ணு. சென்னைக்காரங்களுக்கு ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் தெரியாம இருக்காது. பழைய சைடு கவர், ஃபுட்ரெஸ்ட், கிராஷ் கார்டு மாதிரி ஐட்டங்களுக்கு செகண்ட்ஸ் மார்க்கெட் ஓ.கே. நானே போவேன். ஆனா ஃபில்டர், பிரேக், பேரிங் இந்த மூணுலயும் விளையாட வேண்டாம். கம்பெனி ஸ்பேர்ஸ் கவுன்டர், இல்லேன்னா பேர் தெரிஞ்ச ஃபில்டர் கம்பெனி சரக்கை பில்லோட வாங்குங்க. டப்பாவுல பார்ட் நம்பர், எம்.ஆர்.பி., தயாரிச்ச மாசம், ஹாலோகிராம் இருக்கான்னு பாருங்க. சில கம்பெனிகள் சுரண்டிப் பார்க்கிற கோடு, ஸ்கேன் பண்ற கோடு எல்லாம் வெச்சிருக்காங்க. போனைத்தான் நாள் முழுக்க நோண்டுறோம், அதுக்கும் ஒரு பத்து செகண்ட் நோண்டலாமே! ஒரிஜினலோட விலையும் பல 150 சி.சி. வண்டிகளுக்கு ஒரு பிளேட் பிரியாணி ரேஞ்சுதான்.

வாங்கிட்டு வந்தா மட்டும் போதாது. மெக்கானிக் பக்கத்துலயே நில்லுங்க. “அண்ணே, பழைய ஃபில்டரையும் ஓ-ரிங்கையும் என் கையில குடுங்க”ன்னு கேளுங்க. நல்ல மெக்கானிக் சிரிச்சுக்கிட்டே குடுப்பார். “இது நல்லாத்தான் இருக்கு தம்பி, பெட்ரோல்ல கழுவிப் போட்டுடலாம்”னு யாராவது சொன்னா நோ சொல்லுங்க. கம்பி வலையைக் கழுவலாம், ஸ்பான்ஜ் ஏர் ஃபில்டரைக் கழுவலாம். பேப்பரைக் கழுவினா இழை தளர்ந்து போகும், உள்ளே புகுந்த தூளும் முழுசா வெளியே வராது.

அடுத்து, ரொம்ப முக்கியமான ஒண்ணு. சில மாடல்ல ஃபில்டரோட ஒரு பக்கத்துல ‘அவுட்சைடு’ன்னு அச்சடிச்சிருக்கும். அந்தப் பக்கம் வெளியே பார்த்து இருக்கணும். திருப்பிப் போட்டா ஆயில் போற வழியே அடைபட்டு, அருமையான ஒரிஜினல் ஃபில்டரே உங்க இன்ஜினுக்கு எமனாயிடும். ஸ்பிரிங் இருக்கிற வண்டின்னா அதையும் மறக்காமப் போட்டாங்களான்னு பாருங்க. திருகுற டைப்னா, பழைய ரப்பர் வளையம் இன்ஜின்லயே ஒட்டிக்கிட்டு நிக்கும் சில நேரம். அது மேலயே புதுசை ஏத்தினா ரோட்டுல ஆயில் கோலம்தான்.

எல்லாம் மாட்டி ஆயில் ஊத்தின பிறகு ஸ்டார்ட் பண்ணினதும் உறுமாதீங்க. காலி ஃபில்டர்ல ஆயில் நிரம்பி மேலே ஏறக் கொஞ்சம் நேரம் வேணும். ரெண்டு நிமிஷம் ஐடில்ல ஓடட்டும். மூடியைச் சுத்தி ஈரம் இருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. அப்புறம் ஆஃப் பண்ணி, சமதளத்துல நேரா நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து அளவு பாருங்க. நம்ம ஊர் 100, 150 சி.சி. வண்டிகள் நிறையத்துல ஆயில் பிரஷர் லைட்டே கிடையாது. ஃபியூயல் மீட்டர் காட்டும், மைலேஜ் காட்டும், இப்பல்லாம் போன்ல யார் கூப்பிடுறாங்கன்னு கூடக் காட்டுது. ஆயில் மேலே ஏறலைன்னா சொல்றதுக்கு நாதியில்ல. சத்தம் ஒண்ணுதான் சிக்னல். ஹெட் பக்கம் புதுசா கடகடன்னு கேட்டா உடனே ஆஃப் பண்ணி ஓரங்கட்டுங்க. நான் அன்னிக்கு மதுராந்தகத்துல அதைச் செஞ்சிருந்தா பிஸ்டனாவது மிஞ்சியிருக்கும்.

எத்தனை கிலோமீட்டருக்கு மாத்தணும்? வண்டிக்கு வண்டி வேற, மேனுவல் சொல்றதுதான் கணக்கு. புது வண்டின்னா முதல் சர்வீஸைத் தள்ளிப் போடவே போடாதீங்க. புது பாகங்கள் ஒண்ணோட ஒண்ணு பழகும்போது உதிர்ற தூள் அப்போதான் ஜாஸ்தி. ஆயில் கறுத்துப் போச்சுன்னு பயப்படவும் வேண்டாம், கறுக்கலைன்னு சந்தோஷப்படவும் வேண்டாம். கரியைப் பிடிச்சு வெச்சுக்கிறதும் ஆயிலோட வேலைதான். வீட்டுல கார் இருக்குன்னு அப்பாவோட மிச்ச ஆயிலைப் பைக்குல ஊத்துற புத்திசாலிகளுக்கு ஒரு வார்த்தை: பைக் கிளட்ச்சே ஆயில்ல நனைஞ்சுதான் வேலை செய்யுது. கியர் பைக்குக்கு டப்பாவுல ‘ஜாசோ எம்.ஏ.’ அல்லது ‘எம்.ஏ.2’ன்னு இருக்கணும். ஸ்கூட்டர்னா பெரும்பாலும் ‘எம்.பி.’ மாறிப் போனா கிளட்ச் வழுக்கும்.

கையில வாங்கின பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாதீங்க. ஹாஸ்டலுக்கு எடுத்துட்டுப் போய், பிளேடால பேப்பரை வெட்டி, ஒரு வெள்ளைத் தாள் மேல விரிங்க. கறுப்பா கரி, லேசா மினுமினுப்பு இருந்தா நார்மல். கண்ணுக்கே தெரியுற மாதிரி ஜிகினாத் துகள் இருந்தா காந்தத்தை வெச்சுப் பாருங்க. ஒட்டினா இரும்பு, அதாவது கியரோ பேரிங்கோ கேமோ தேயுது. ஒட்டாம வெள்ளையா மினுங்கினா அலுமினியமா இருக்கலாம். பிஸ்டன் பக்கம் சந்தேகப்படுங்க. மெக்கானிக்கல் பசங்களுக்கு இது ஓசியில ஒரு லேப் எக்ஸ்பெரிமென்ட், ரெக்கார்டு நோட்டு மட்டும் கிடையாது! வேலை முடிஞ்சதும் அந்தக் கசடையும் பழைய ஆயிலையும் சாக்கடையில ஊத்தாம, மெக்கானிக் கடையில இருக்கிற பேரல்ல சேர்த்துடுங்க.

அடுத்த வாரம்: செயினுக்குப் பழைய இன்ஜின் ஆயில் விடலாமா, கூடாதா? ஹாஸ்டல்ல நடந்த ஒரு பட்டிமன்றத்தோட வர்றேன்.