ஒன்றுக்கு ஒன்று: வென்றது யார்?

காரியவட்டம் வளாகத்தில் விளையாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு அருகிலிருக்கும் கிரீன்ஃபீல்டு அரங்கத்தில் ஆரம்பித்து எப்படியோ மஞ்சேரிக்குப் போய்விடுகிறது. அண்மையில் அப்படியொரு மாலையில் இளைய ஆய்வாளர் ஒருவர், "ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்த ஆட்டத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டார். அன்று சரியாகச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவைக்கிறேன்.

2022 மே 2, மஞ்சேரி பய்யநாடு அரங்கம். சந்தோஷ் கோப்பை இறுதிப்போட்டியில் கேரளமும் மேற்கு வங்கமும் மோதின. தொண்ணூறு நிமிடங்களில் ஒரு கோல்கூட விழவில்லை. கூடுதல் நேரத்தில், 97ஆம் நிமிடத்தில், வங்கத்தின் திலீப் ஓராவ்ன் கோலடித்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, மாற்று ஆட்டக்காரராக வந்த சஃப்நாத் தலையால் முட்டிச் சமன்செய்தார். பின்னர் பெனால்டியில் 5-4 என்று கேரளம் ஏழாவது முறையாகக் கோப்பையைப் பெற்றது.

அதே தொடரின் அரையிறுதியில் கேரளம் கர்நாடகத்தை 7-3 என்று வென்றிருந்தது. மாற்று ஆட்டக்காரர் ஜெசின் ஒருவரே ஐந்து கோல் அடித்தார். ஆயினும் நம் வளாகத்தில் இன்றும் பேசப்படுவது இறுதிப்போட்டிதான். கோல் கணக்கு, நிகழ்ந்தவற்றை மட்டுமே எண்ணுகிறது. தடுக்கப்பட்ட பந்துக்கும், சரியான இடத்தில் நின்று எதிரியின் வழியை அடைத்தவருக்கும் அதில் இடமில்லை. எண்ணிக்கை குறைந்த ஆட்டத்தை வறண்ட ஆட்டமென்று சொல்பவர், கண்ணெதிரே நடந்த உழைப்பில் பாதியைக் காணாதவர்.

எனினும் எனக்கொரு நெருடல் உண்டு. பெனால்டி என்பது அந்த ஆட்டத்தின் தொடர்ச்சியா? பேஸ்பாலில் சமநிலை நேர்ந்தால் அதே ஆட்டம் நீளும். இரு அணிகளுக்கும் மட்டைபிடிக்கச் சம வாய்ப்பு. 1920 மே 1 அன்று புரூக்ளின், பாஸ்டன் அணிகள் 26 இன்னிங்ஸ் ஆடி, 1-1 என்ற நிலையில் இருட்டியதால் நிறுத்தின. இரு பக்கமும் ஒரே பந்துவீச்சாளரே இறுதிவரை வீசினார். அந்தப் பொறுமை அங்கும் இப்போது இல்லை. 2020 முதல், அமெரிக்காவின் முதன்மைத் தொடரில் வழக்கமான லீக் ஆட்டங்கள் நீண்டால், பத்தாவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாம் தளத்தில் ஓர் ஓட்டக்காரரை நிறுத்தியே தொடங்குகிறார்கள். முடிவு விரைவாக வர வேண்டும் என்ற அவசரம் எங்கும் ஒன்றுதான்.

ஆட்டக்காரரின் உடல் தாங்காது என்பது நியாயமான மறுப்பே. 120 நிமிடம் ஓடிய கால்களை மேலும் ஓடச் சொல்ல முடியாது. எனவே பெனால்டியை ஒழிக்க வேண்டுமென்று நான் கேட்கவில்லை. கோப்பையை யாரிடம் கொடுப்பது என்ற சிக்கலைத் தீர்க்க அது ஒரு வழி. யார் சிறந்தவர் என்ற கேள்விக்கு அது விடையாகாது. இவ்விரண்டையும் கலந்துவிடுவதே என் குறை. 1960இல் டூரண்ட் கோப்பையை மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் கூட்டாகவே வழங்கினார்கள். சமநிலையைச் சமநிலை என்று ஏற்கும் மனம் அன்று இருந்தது.

நாளை கேரளக் கால்பந்தின் வரலாற்றை எழுதப்போகிறவர்கள் நம் மாணவர்களே. அவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே: 5-4 என்று எழுதுமுன் 1-1 என்று எழுதுங்கள். அன்று இரவு வங்கத்தின் ஓர் உதை மட்டும் இலக்குத் தவறியது. அந்த ஒரு தவறுதலை ஓர் அணியின் தோல்வியாகப் பெருக்குவது வரலாறாகாது. கோப்பை அன்று நம்மிடம் வந்தது. அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் களத்தில் அன்று யாரும் தோற்கவில்லை.