மூன்று பெண்கள், ஒரு வசவு

நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு பழைய வீடியோ அனுப்பியிருந்தார். 1978ஆம் வருடத்து ஐரோப்பிய டெலிவிஷன். மினுமினுக்கும் உடையில் மூன்று பெண்கள், பின்னால் வண்ண விளக்குகள், மூவருக்கும் ஒரே மாதிரியான கையசைவு. கீழே அவர் கருத்து: "ஆபாவின் மலிவுப் பதிப்பு. வாயசைக்கும் பொம்மைகள். டிவி இல்லாவிட்டால் இவர்களை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?"

இது அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. 'லவ்' என்ற அந்த டச்சுக் குழுவைப் பற்றிப் பேச்சு வந்தாலே இந்த மூன்றையும் யாராவது ஒப்பிப்பார்கள். சங்கீதம் தெரிந்தவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள்தான் அதிகம் ஒப்பிப்பார்கள். எனக்கு இதைக் கேட்டால் கோபம் வருகிறது. அந்தப் பாட்டுகள் மகத்தான பாட்டுகள் என்பதால் இல்லை. வரிகளில் ஒன்றும் கிடையாது, மெட்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், மறுநாள் வரை காதில் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கோபம் வருவது வேறு காரணத்துக்காக. அந்தக் குழுவில் திட்டுவதற்குரிய விஷயம் ஒன்று நிஜமாகவே இருக்கிறது. இவர்கள் அதை விட்டுவிட்டு அந்தப் பெண்களைத் திட்டுகிறார்கள்.

முதலில் கதை. ஹான்ஸ் ஃபான் ஹெமெர்ட், பீட் சௌவர் என்ற இரண்டு ஆண்கள். பாட்டு எழுதுவார்கள், பதிவு செய்வார்கள், விற்கத் தெரிந்தவர்கள். ஸ்பெயின் நாட்டுப் பெண்கள் இருவர் 'பக்காரா' என்ற பெயரில் ஆங்கிலப் பாட்டுப் பதிவு செய்து ஐரோப்பாவையே கலக்கிய காலம். நாமும் அப்படி ஒன்று செய்தால் என்ன என்று இவர்களுக்குத் தோன்றியது. ஜோஸே ஹூபே, மார்கா ஸ்கைடே, பேட்டி ப்ரார்ட் என்று மூன்று பெண்களைச் சேர்த்தார்கள். (பேட்டி என்று எழுதினால் நேர்காணல், பாட்டி என்று எழுதினால் கிழவி. தமிழில் அந்த அம்மாளுக்குப் போக்கிடமே இல்லை. பேட்டி என்றே வைத்துக்கொள்வோம். பிறந்தது அன்றைய டச்சு நியூகினியில், சோராங் என்ற ஊரில்.) 1977இல் 'மை மேன்' என்று முதல் இசைத்தட்டு. அடுத்த வருடம் 'யூ ஆர் தி கிரேட்டஸ்ட் லவர்' நெதர்லாந்தில் முதலிடம். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளிலும் அது பெரிய வெற்றி. அந்த வருடக் கடைசியில் 'ட்ரோஜன் ஹார்ஸ்', அதுவும் நெதர்லாந்தில் முதலிடம். பிறகு 'கஸனோவா' முதலான சில. 1980இல் பேட்டி விலகினார், ரியா தீல்ஷ் வந்தார், 1981இல் குழு கலைந்தது. நாலு வருட வாழ்க்கை.

டிவி இல்லாவிட்டால் இவர்கள் இல்லை என்பது முழு உண்மை. அதை மறுக்க நான் வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஆதாரமே தருகிறேன். இவர்களுக்கு முதல் பெரிய வெற்றி கிடைத்ததே ஒரு டிவி தொடரின் முகப்புப் பாட்டால்தான். விம் ஸ்கிப்பர்ஸ் என்ற குறும்புக்காரர் விபிஆர்ஓ நிறுவனத்துக்காக எடுத்த கேலித் தொடர் அது. 'வால்டோலாலா' என்ற ஒரு கற்பனை இரவு விடுதியில் நடப்பது. அதற்கான பாட்டு 'யூ.ஓ.மீ'. தொடரைப் பார்த்தவர்கள் கடைக்குப் போய்த் தட்டு வாங்கினார்கள்.

அந்தக் காலத்து நெதர்லாந்தில் இருந்ததே இரண்டு சேனல்கள். மூன்றாவது 1988இல்தான் வந்தது. ஏவிஆர்ஓ நிறுவனம் நடத்திய 'டாப்பாப்' என்ற பாப் நிகழ்ச்சியில் ஒரு முறை முகம் காட்டினால் மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்க அதே பேச்சு. மக்கள்தொகை அப்போது ஒன்றரைக் கோடிக்கும் குறைவு. டச்சில் பாடி இத்தனை பேருக்கு மட்டும் விற்றால் பெரிய லாபம் இல்லை. பக்கத்தில் மேற்கு ஜெர்மனி, ஆறு கோடிப் பேர். அங்கே ரேடியோ பிரெமனின் 'மியூசிக்லாடன்' என்ற நிகழ்ச்சி. அதில் வந்துவிட்டால் நாடு முழுவதும் வந்த மாதிரி. எல்லைக்கு அந்தப் பக்கம் கிழக்கு ஜெர்மனியிலும் ஆன்டெனாவைத் திருப்பி வைத்துப் பார்த்தவர்கள் ஏராளம். அதனால்தான் பாட்டு ஆங்கிலத்தில். அதனால்தான் வார்த்தைகள் எல்லாம் ஏழாம் வகுப்பு ஆங்கிலம். ஜெர்மானியனுக்கும் புரிய வேண்டும், ஆஸ்திரியனுக்கும் புரிய வேண்டும். இங்கிலாந்துக்காரனுக்கு அது எடுபடவில்லை. அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆக டிவி அவர்களை உண்டாக்கியது. சரி. அதே டிவி வேறு யாரை உண்டாக்கவில்லை? ஆபா யார்? 1974இல் பிரைட்டனில் நடந்த யூரோவிஷன் போட்டியில் ஒரே ராத்திரியில் ஐரோப்பா முழுவதும் டெலிவிஷனில் தெரிந்தவர்கள். அதற்குமுன் ஸ்வீடனுக்கு வெளியே அவர்களை எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் போட்டியில் மூன்றாவதாக வந்தது மவுத் அண்ட் மெக்நீல் என்ற டச்சு ஜோடி. அவர்கள் பாடிய மெட்டு யாருடையது? இதே ஹான்ஸ் ஃபான் ஹெமெர்ட்டுடையது. இதே ஜோடியை வைத்து 1972இலேயே அமெரிக்காவின் முதல் பத்துக்குள் போனவர் அவர். ஆபாவைப் பார்த்துத்தான் தொழில் கற்றார் என்று சொல்பவர்கள் வருடங்களைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நகல் என்ற வார்த்தையையே பாப் பாட்டு உலகத்தில் ஜாக்கிரதையாகத்தான் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் முதலிடம் பிடித்த டச்சுப் பாட்டு என்று எல்லாரும் பெருமையாகச் சொல்லும் 'வீனஸ்' (1970) இருக்கிறதே, ஷாக்கிங் ப்ளூ குழுவுடையது. அதன் மெட்டை 1963இல் 'தி பிக் த்ரீ' என்ற அமெரிக்கக் குழு பாடிய ஒரு பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஆனால் கிதாரோடு நின்ற ஆண்கள் இரவல் வாங்கினால் அதற்குப் பெயர் 'தாக்கம்'. மூன்று பெண்கள் பாடினால் 'மலிவுப் பதிப்பு'.

அடுத்தது வாயசைப்பு. இங்கேதான் நண்பர்மீது எனக்குச் சிரிப்பும் வருகிறது. டாப்பாப்பில் போய் நிற்கிற எல்லாருக்கும் அதுதான் நடைமுறை. பின்னால் தட்டு சுழலும், முன்னால் நீங்கள் வாயை அசைக்க வேண்டும். வாத்தியக் குழுவை ஸ்டூடியோவுக்குள் அடைத்து ஒலி சரிபார்க்க அங்கே யாருக்கும் நேரம் கிடையாது. 1977இல் இக்கி பாப் அங்கே சட்டை இல்லாமல் வந்து அலங்காரத்துக்கு வைத்திருந்த செடிகளைப் பிய்த்து எறிந்தது இன்றைக்கும் பெரிய வீரச்செயலாகப் பேசப்படுகிறது. ஓடிக்கொண்டிருந்தது அப்போதும் தட்டுதான். அவரை யாரும் பொம்மை என்று சொல்லக் கேட்டதில்லை.

டச்சுக்காரர்கள் இந்த வாயசைப்புக்கு வைத்திருக்கும் வார்த்தையே 'பிளேபேக்'. நாம் அந்த வார்த்தையைத் திரைக்குப் பின்னால் நின்று பாடுகிறவருக்குக் கொடுத்தோம். அவர்கள் முன்னால் நின்று வாயசைக்கிறவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எண்பதுகளில் சாதாரண ஜனங்கள் வந்து பிரபலங்களைப் போல வாயசைத்துக் காட்டும் போட்டியையே அங்கே டிவியில் நடத்தினார்கள், 'பிளேபேக் ஷோ' என்றே பெயர். அந்த அளவுக்கு அது ஒளித்து வைக்காத விஷயம். டி.எம்.எஸ். குரலுக்கு எம்.ஜி.ஆர். வாயசைத்ததைப் பார்த்து விசிலடித்து வளர்ந்த என் நண்பருக்கு, மூன்று பெண்கள் வாயசைத்தது மட்டும் எப்படி மோசடியாகத் தெரிகிறது? மோசடி வேண்டுமென்றால் போனி எம் குழுவுக்குப் போக வேண்டும். அங்கே முன்னால் துள்ளிய பாபி ஃபாரெல் இசைத்தட்டில் பாடவே இல்லை, குரல் தயாரிப்பாளர் ஃப்ராங்க் ஃபாரியனுடையது. நம்மூரில் கல்யாண வீட்டு ஸ்பீக்கரில்கூட போனி எம் ஒலித்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை.

உண்மையாகத் திட்ட வேண்டிய விஷயத்துக்கு இப்போது வருகிறேன். நான் வேலை பார்த்த காலம் முழுவதும் கணக்குப் புத்தகங்களோடுதான். அதனால் இசைத்தட்டைக் கையில் எடுத்தாலும் பாடகர் படத்தைவிட நடுவில் ஒட்டியிருக்கும் வட்டத்தாளில் எழுதியிருப்பதுதான் முதலில் கண்ணில் படும். லவ் குழுவின் தட்டுகளில் பாட்டு எழுதியவர் பெயராக இருப்பது 'யான்ஸன் அண்ட் யான்ஸன்ஸ்'. டின்டின் படக்கதையில் மீசை வைத்த இரட்டைத் துப்பறிவாளர்கள் வருவார்களே, டச்சில் அவர்கள் பெயர் ஏறக்குறைய இப்படித்தான். வேறு யாரும் அல்ல, ஃபான் ஹெமெர்ட்டும் சௌவரும்தான். நல்ல கிண்டல். ஆனால் பணம் வருகிற இடம் அந்த வட்டத்தாள்.

ஒரு பாட்டு வானொலியிலோ டிவியிலோ ஒலித்தால் நெதர்லாந்தில் எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் பணம் வசூலித்துத் தர 'பூமா' என்ற அமைப்பு 1913லிருந்தே இருக்கிறது. பாடியவருக்கு? பாடகர், வாத்தியக்காரர் இவர்களுக்கும் ஒலிபரப்பில் பங்கு வேண்டும் என்று 1961இல் ரோம் நகரத்தில் உலக நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் எழுதின. மேற்கு ஜெர்மனி 1965இலேயே சட்டம் போட்டது. நெதர்லாந்து? 1993 வரை இழுத்தடித்தது. முப்பத்திரண்டு வருடம்! அதாவது லவ் குழு கொடிகட்டிப் பறந்த அந்த நாலு வருடமும், அவர்கள் பாட்டு சொந்த ஊர் வானொலியில் நாளைக்கு எத்தனை தடவை ஒலித்தாலும், அந்தக் குரல்களுக்குச் சட்டப்படி உரிய காசு என்று எதுவும் கிடையாது. தட்டு விற்றால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அது. ஒப்பந்தத்தை எழுதுவது யார் என்று சொல்லத் தேவையில்லை. அந்த முகப்புப் பாட்டு 'யூ.ஓ.மீ'யின் தலைப்பை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், "நீ எனக்குக் கடன்பட்டிருக்கிறாய்" என்று வரும். இதைப் பாட வைத்தவர்கள் யாரிடம் பாட வைத்தார்கள்!

பாட்டு எழுதியவருக்குப் பணம் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மெட்டு இல்லாமல் பாட்டு ஏது? ஆனால் 'வீனஸ்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் ராபி ஃபான் லேவன். கணீரென்று பாடியவர் மாரிஸ்கா ஃபெரெஷ். உலகத்துக்கு அந்தப் பாட்டு என்றால் அந்த அம்மாளின் குரலும் மை தீட்டிய கண்களும்தான். 1986இல் பனானரமா என்ற மூன்று ஆங்கிலப் பெண்கள் அதையே மறுபடி பாடி அமெரிக்காவில் மறுபடி முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். எழுதியவருக்கு மீண்டும் ஒரு அறுவடை. முதலில் பாடியவருக்கு அதில் சல்லிக்காசு வரும் வழி எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆபாவிலும் கணக்கு இப்படியே. பென்னியும் பியோர்னும் எழுதினார்கள், அன்யெத்தாவும் ஃப்ரீடாவும் பாடினார்கள். குரலை வைத்துத்தான் உலகம் அவர்களை அடையாளம் கண்டது. பல பாட்டுகளில் எழுதியவர் பட்டியலில் மேனேஜர் ஸ்டிக் ஆண்டர்சன் பெயர் உண்டு, அந்தப் பெண்கள் பெயர் இருக்காது.

அந்தப் பெண்கள் செய்தது வேலையே இல்லை என்று நினைக்கிறவர்கள் அந்த வீடியோவை இன்னொரு தடவை, இந்த முறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கட்டும். குதிகால் உயர்ந்த செருப்பு, முகத்துக்கு நேராகச் சுடுகிற விளக்கு. மூன்று பேரும் ஒரே தாளத்தில் திரும்ப வேண்டும், எந்த கேமராவில் சிவப்பு விளக்கு எரிகிறதோ அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அடுத்த ஊரில் வேறு ஸ்டூடியோ, அதே சிரிப்பு. ஸ்பானிஷ் மொழிச் சந்தைக்காக அந்த மொழியிலும் பாடிப் பதிவு செய்தார்கள். ஃபான் ஹெமெர்ட்டும் சௌவரும் மியூசிக்லாடன் மேடையில் ஏறி நின்று அந்த மூன்று நிமிடத்தை ஓட்டியிருக்க முடியுமா? டிவிதான் விற்றது என்றால், டிவியில் நின்றவர்கள்தான் விற்றார்கள். இந்தச் சின்னக் கணக்கு ஏன் யாருக்கும் உறைப்பதில்லை என்பது எனக்குப் புரிவதே இல்லை.

பாடத் தெரியாதவர்கள் என்ற குற்றச்சாட்டும் நிற்காது. குழு கலைந்த மறுவருடம், 1982இல், ஜோஸே ஹூபே தனியாகப் பாடிய 'ஐ வில் ஃபாலோ ஹிம்' நெதர்லாந்தில் முதலிடத்துக்குப் போனது. இரண்டு துப்பறிவாளர்களும் எழுதிய பாட்டு அல்ல அது, அறுபதுகளின் பழைய பாட்டு. பேட்டி டெலிவிஷனிலேயே தங்கி நிகழ்ச்சி நடத்துபவராகப் பல வருடம் நிலைத்தார். பொம்மைகளுக்கு இவ்வளவு காலம் சாவி ஓடாது.

1993இல் ஒருவழியாகச் சட்டம் வந்தது. பாடியவர்களுக்கும் தயாரித்தவர்களுக்கும் ஒலிபரப்புப் பணத்தை வசூலித்துப் பங்கிட 'சேனா' என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். அதே வருடம் லவ் குழுவின் பழைய பாட்டுகளைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய ஒரு மெகாமிக்ஸ் வெளியாகி, நெதர்லாந்தின் விற்பனைப் பட்டியலில் மறுபடி ஏறியது.